ஃபின்னியின் 14 பவுண்டு

கேள்வி: இங்கிலாந்து வீரர் டாம் ஃபின்னி 1960-இல் ஓய்வு பெறும்வரை பிரஸ்டன் நார்த் எண்ட் என்ற ஒரே கிளப்புக்கு ஆடினார். இன்றைய கால்பந்து வீரர்களிடம் அந்த விசுவாசம் ஏன் இல்லை? – வாசகர், திருச்சி

பதில்: விசுவாசமா? கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே இருப்பவனின் விசுவாசத்தை மெச்சுவது எனக்கு ஆகவே ஆகாது.

1952-இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் ஃபின்னியை அழைத்தது. கையெழுத்திட்டால் 10,000 பவுண்டு, மாதச் சம்பளம் 130 பவுண்டு, வெற்றிக்கு ஊக்கத்தொகை, குடியிருக்க ஒரு மாளிகை, ஓட்டிச் செல்ல ஒரு கார். அன்று இங்கிலாந்தில் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரருக்கும் வாரம் 14 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்று விதி. ஃபின்னி கிளப் தலைவர் நாட் பக்கிடம் போய்க் கேட்டார். எங்களுக்கு ஆடாவிட்டால் நீ யாருக்குமே ஆட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர். வெறும் மிரட்டல் அல்ல அது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரரின் பதிவைக் கிளப் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டு, வேறு கிளப்புக்குப் போகவிடாமல் தடுக்கலாம் என்பது அன்றைய விதி. மிடில்ஸ்பரோவின் வில்ஃப் மேனியன் 1948-இல் மாதக்கணக்கில் ஆட மறுத்துப் பார்த்தார். கடைசியில் அதே கிளப்புக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது.

ஃபின்னிக்கு ஊர்ப்பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரஸ்டன் கிளப்பின் டீப்டேல் மைதானத்துக்கு அருகிலேயே பிறந்தவர். போரில் டாங்கி ஓட்டிவிட்டுத் திரும்பி, 24 வயதில்தான் முதல் லீக் ஆட்டம் ஆடினார். இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்களில் 30 கோல் போட்ட பிறகும் குழாய் பழுதுபார்க்கும் தொழிலை அவர் கைவிடவில்லை. வாரம் 14 பவுண்டை நம்பி யார் கைவிடுவார்?

ஃபின்னியா, அதே காலத்து இங்கிலாந்து வீரர் மேத்யூஸா, யார் பெரிய ஆட்டக்காரர் என்று மேத்யூஸ் ரசிகர்களோடு எனக்குள்ள பழைய வழக்கையும் இங்கேயே பேசிவிடுகிறேன். ஸ்டான்லி மேத்யூஸ் வலது ஓரத்தின் மன்னர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கிலாந்துக்காக 54 ஆட்டங்களில் அவர் அடித்தது 11 கோல். ஃபின்னி பிறவியிலேயே இடதுகால்காரர். வலதுகாலையும் பழக்கி, இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் நாட்டுக்காக ஆடினார். ஓவர்கோட் மாட்டிக்கொண்டு ஆடினாலும் ஜொலிப்பார் என்றார், கூட ஆடிய பில் ஷாங்க்லி. 1956-இல் மழையில் ஊறிய செல்சி மைதானத்தில் எடுத்த புகைப்படத்தைப் பாருங்கள். ஃபின்னி சறுக்கிக்கொண்டு போகிறார், தேங்கிய நீர் அவரைச் சுற்றிச் சிதறுகிறது, இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் தடுமாறி நிற்கிறார்கள். டீப்டேலுக்கு வெளியே அதையே சிலையாக வடித்திருக்கிறார்கள். அதன் பிறகும் மேத்யூஸ்தான் என்பவர்கள் அடுத்த வாரம் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபின்னி ஓய்வு பெற்றது 1960-இல். சம்பள உச்சவரம்பு ஒழிந்தது 1961-இல். வீரர்களைக் கட்டிவைக்கும் முறை நியாயமற்றது என்று ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் தீர்ப்பானது 1963-இல். போக வழியிருந்தும் போகாமல் நின்ற ஒருவரின் பெயரை எழுதி அனுப்புங்கள். விசுவாசத்தைப் பற்றி அப்போது பேசலாம்.