சோலார் வீடுகளை ஊராகச் சேர்ந்து போய்ப் பார்ப்பதால் பலன் உண்டா?

கேள்வி: ஹட்டன் பக்கம் எங்கள் இளைஞர் குழு ஒரு சுற்று ஏற்பாடு செய்ய நினைக்கிறது. சோலார், சின்ன நீர்மின், சாண எரிவாயு பாவிக்கிற வீடுகளையும் கடைகளையும் ஊர் ஆட்களோடு போய்ப் பார்க்கலாம் என்று யோசனை. உண்மையில் பலன் இருக்குமா? எதை, எப்போது பார்ப்பது?

தாராளமாகச் செய்யுங்கள். நான் பண்டாரவளையில் வயரிங் வேலை பார்க்கிறவன். சோலார் போடலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் எவ்வளவு விளக்கினாலும் மனசு அரைகுறையாகத்தான் இருக்கும். ஏற்கெனவே போட்ட வீட்டு அக்கா பழைய பில்லையும் புதுப் பில்லையும் எடுத்து வந்து காட்டினால் அங்கேயே தெளிந்துவிடும். அமெரிக்காவில் வருடா வருடம் ஒக்டோபர் மாதத்தை ஒட்டி இப்படி வீடுகளைத் திறந்து வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2001 முதல் இதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது. விற்கிறவர் ஒதுங்கி நிற்க, பாவிக்கிறவர் பேசுகிறார். அதில்தான் அதன் பலம் இருக்கிறது.

மலையகத்தில் இதைச் செய்யும்போது முதலில் யோசிக்க வேண்டியது மாதத்தை. ஜூன், ஜூலையில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை விடாமல் அடிக்கும். அதே நேரம் மலைக்கு இந்தப் பக்கம், பண்டாரவளை, வெலிமடையில் வெயிலும் காற்றும்தான். ஆகவே எங்கள் ஊவாவில் ஜூலை மாதம் ஒரு சோலார் கூரையைப் பார்த்துவிட்டு ஹட்டனில் அதே கணக்கைப் போடக் கூடாது. உங்கள் பக்கத்துச் சோலார் வீட்டை மழை மாதத்தில் போய்ப் பாருங்கள். நீர்மின்னைப் பெப்ரவரி, மார்ச்சில், ஓடை மெலிந்து ஓடும்போது பாருங்கள். நல்ல மாதத்தில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். மோசமான மாதத்தில் எவ்வளவு தருகிறது என்று தெரிந்தால்தான் கையில் இருக்கிற காசைப் போடலாமா என்று முடிவெடுக்க முடியும். குளிரில் சோலார் வேலை செய்யாது என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். பனல் குளிர்ந்திருந்தால் இன்னும் நன்றாகவே தரும். குறைப்பது மூடுபனியும் மேகமும்தான்.

சோலார் வீட்டுக்குப் போனால் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வராதீர்கள், மீட்டர் பெட்டியிடம் போங்கள். அங்கே இரண்டு எண்கள் மாறி மாறி வரும். லைனிலிருந்து எடுத்தது ஒன்று, லைனுக்குக் கொடுத்தது மற்றது. வீட்டுக்காரரிடம் எந்த வருடம், எந்தத் திட்டத்தில் சேர்ந்தார் என்று கட்டாயம் கேளுங்கள். 2010 இல் வந்த நெட் மீட்டரிங்கில் காசு கிடையாது, மிச்ச யூனிட் அடுத்த மாதக் கணக்குக்குப் போகும். 2016 இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசாங்கக் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது, மிச்ச யூனிட்டுக்குக் காசு தருகிற நெட் அக்கவுன்டிங்கில் சேர்ந்தவர்களுக்கு முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா, அதன் பிறகு 15.50 ரூபா என்று ஒப்பந்தம். பிறகு விலை பலமுறை மாறிவிட்டது. அவருக்குக் கிடைக்கிற காசு உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைத்துக் கடன் எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், கரண்ட் போனால் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது சோலார் போட்ட வீடுகளிலும் குப்பி விளக்கு எரிந்தது. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் சாதாரண ஒன்கிரிட் இன்வேட்டர், அதாவது பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி லைனோடு சேர்க்கிற பெட்டி, தானாகவே நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்கிறவரின் உயிரைக் காக்க அப்படிச் செய்திருக்கிறார்கள், அது சரியான ஏற்பாடுதான். இருட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் அதற்கேற்ற இன்வேட்டரும் பெட்டரியும் வேண்டும், செலவும் கூடும். பெட்டரி வைத்த வீடு ஒன்றையும் வைக்காத வீடு ஒன்றையும் ஒரே நாளில் காட்டினால் நீங்கள் பேச வேண்டிய தேவையே இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது நீர்மின் கொட்டில்தான். ஒரு கட்டில் போடுகிற அளவு இடம். உள்ளே சத்தம் காதை அடைக்கும். குழாயிலிருந்து தண்ணீர் ஊசிபோலப் பாய்ந்து சக்கரத்தின் சின்னக் கிண்ணங்களில் அடிக்கும். சுவரில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. ஊரில் விளக்கை அணைத்தால் மிச்சமாகும் கரண்டை அது ஒரு தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் ஹீட்டருக்குத் திருப்பும், இல்லாவிட்டால் சக்கரம் தறிகெட்டுச் சுற்றும். பின்னேரம் அந்தத் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தால் ஊரில் எவ்வளவு பேர் விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கணக்கும் சுலபம். செக்கனுக்கு 10 லீற்றர் தண்ணீர், 30 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், பாதி வீணாகப் போனாலும் ஒன்றரை கிலோவாட் அளவு கிடைக்கும். விளக்கும் டீவியுமாக ஒரு பத்து வீட்டுக்கு அது ஓடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடைமழையில் வாய்க்கால் வலையில் சேரும் இலைதழையை அள்ளுவது யார் பொறுப்பு? அதற்கு ஒரு ஆளும் ஒரு முறையும் இல்லாத ஊரில் சக்கரம் நின்றுவிடும்.

தேயிலை பெக்டரி ஒன்றில் அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பல பெக்டரிகள் சொந்த ஓடையில்தான் ஓடின, பிறகு லைன் கரண்ட் வந்ததும் கைவிட்டார்கள். பழைய இரும்புக் குழாய் இன்னும் சரிவில் கிடக்கிற தோட்டங்கள் உண்டு. இன்றைக்குக் கூரையில் பனல் இருந்தாலும், கொழுந்து வாட்டுகிற காற்றாடிகள் பெரும்பாலும் இரவு முழுக்கச் சுற்றும். பகலில் விற்று இரவில் வாங்குகிற கணக்கு எப்படி நிற்கிறது என்று அங்கே கேளுங்கள். சாண எரிவாயுவுக்கு கந்தப்பளை, நானுஓயா மாதிரி மரக்கறித் தோட்டம் உள்ள இடம் பொருத்தம். குளிரில் வாயு மெதுவாகத்தான் ஊறும், ஆனால் கழிவு நேராகக் கோவா பாத்திக்குப் போகும்.

கடைசியாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பங்களாவும் ஹோட்டலும் மட்டும் காட்டினால் லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள் "இது நமக்கில்ல" என்று திரும்பிவிடுவார்கள். அவர்கள் நினைப்பது நியாயம். லயத்துக் கூரை பல குடும்பங்களுக்குப் பொது, அவர்கள் யாருடைய பெயரிலும் இல்லை. பெரும்பாலான தோட்டங்கள் 1992 முதல் கம்பெனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. தகரத்தில் ஒரு ஆணி அடிக்கவும் கேட்க வேண்டும். அதனால் 7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்த ஒரு குடும்பத்தையும், லய வாசலில் சின்னப் பனல் வைத்துப் பிள்ளைகள் படிக்க விளக்கும் போன் சார்ஜும் எடுக்கிற ஒரு குடும்பத்தையும் கட்டாயம் சேருங்கள். புகை குறைந்த அனகி என்ற களிமண் விறகு அடுப்பு பாவிக்கிற ஒரு குசினியையும் காட்டுங்கள், விறகும் புதுப்பிக்கிற சக்திதான்.

வேலை நாளில் வைத்தால் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். பில் கட்டுவதும் அடுப்பு ஊதுவதும் அவர்கள்தான், முன் வரிசையில் அவர்கள் நிற்கட்டும். ஒரு வீட்டுக்குள் பத்துப் பேருக்கு மேல் விட வேண்டாம், கூட்டத்தில் மீட்டர் பெட்டி யார் கண்ணிலும் படாது. பதுளைப் பக்கம் வீடு தேவைப்பட்டால் கீழே எழுதுங்கள், இரண்டு மூன்று பேரைக் கேட்டுச் சொல்கிறேன்.