ஒரு நாட்டின் எழுதப்பட்ட அரசியலமைப்பில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை?

முகவுரை, கொடி, கீதம், தலைநகர் எல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அங்கே சொல் பிசகினாலும் ஒருவரும் மறியலுக்குப் போகப் போவதில்லை. வரைவு ஒன்று கைக்கு வந்தால் தேட வேண்டியது வேறு: இந்த வேலையை யார் செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள், செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? மூன்றாவதற்குப் பதில் எழுதாமல் விட்ட இடங்களில்தான் பெரும்பாலும் இடறுகிறது. கேள்வி பொதுவானது என்றாலும் இலங்கை உதாரணங்களையே எடுக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிப்பவருக்கு அவை கண் முன்னே இருப்பவை.

முதலில் தேர்தல். வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்ரெம்பர் 21 இல் வாக்களித்தோம். 2018 ஒக்ரோபரில் ஐந்து வருடம் முடிந்தது. அதன்பிறகு வருடக்கணக்காக ஆளுநர் நிர்வாகம். சபையை ஒருவரும் ஒழிக்கவில்லை. 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் தேவை. எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறை போய்விட்டது, புதியது வரவில்லை. மாகாண சபைகளை உருவாக்கிய 13 ஆவது திருத்தம் சபையின் ஆயுள் ஐந்து வருடம் என்கிறதே தவிர, முடிந்து இத்தனை நாளுக்குள் தேர்தல் வைத்தே ஆக வேண்டும் என்று கட்டவில்லை. அதைச் சாதாரண சட்டத்துக்கு விட்டுவிட்டது. எழுதியிருக்க வேண்டியது இரண்டே வரி: காலம் முடிந்து 90 நாளுக்குள் தேர்தல்; புதிய எல்லைகள் தயாரில்லை என்றால் கடைசியாக நடந்த முறையிலேயே தேர்தல்.

காசும் அப்படித்தான். 2023 மார்ச் 9 இல் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணம் விடுவிக்கப்படாததால் நின்று, 2025 மே 6 இல்தான் நடந்தது. இடையில் 2024 ஓகஸ்டில் அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஆனால் தீர்ப்பு வந்தது திகதி போய் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. நீதிபதிகளின் சம்பளம் திரட்டு நிதியத்தின் (அரசின் பொதுப் பணப்பை) மேல் நேரடியாகச் சாட்டப்பட்டிருப்பதுபோல (அதிலிருந்து கட்டாயம் கொடுபட வேண்டும் என்று), தேர்தல் செலவையும் அரசியலமைப்பே சாட்டிவிட்டால் திறைசேரியைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

அடுத்து, ஒரே அதிகாரத்தை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது. 19 ஆவது திருத்தத்தின்படி, பாராளுமன்றத்தின் மூன்றிலிரண்டு பெரும்பான்மைத் தீர்மானம் இல்லாமல் நாலரை வருடத்துக்கு முன் ஜனாதிபதி அதைக் கலைக்க முடியாதிருந்தது. அது 70 ஆம் உறுப்புரை. ஆனால் ஜனாதிபதியின் அதிகாரங்களை அடுக்கும் 33 ஆம் உறுப்புரையிலும் ‘கலைத்தல்’ வெறுமனே நின்றது. பாராளுமன்றத்தைக் கலைத்த 2018 நவம்பர் 9 வர்த்தமானிக்கு அதைத்தான் நியாயமாகக் காட்டினார்கள். டிசம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து அதைத் தள்ளினார்கள். 33 இல் ‘70 ஆம் உறுப்புரைக்கு அமைய’ என்று சேர்த்திருந்தால் அந்த வாதத்துக்கு இடமே இருந்திராது.

அதிகாரப் பகிர்வுக்கு மூன்று நிரல்கள் (எந்த விடயம் யாருக்கு என்ற பட்டியல்கள்) போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 13 ஆவது திருத்தத்திலும் மூன்று உண்டு: மாகாணத்துக்கு, மத்திக்கு, இரண்டுக்கும் பொதுவாக. மத்தியின் நிரலைத் திறந்தால் முதல் விடயமே ‘எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை’. அந்தக் கொள்கையை வகுக்கும்போது மாகாணத்தைக் கேட்க வேண்டுமா என்று அங்கே இல்லை. விளைவு தெரிந்ததுதானே: யாழ். போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின் கீழ், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். யாழ். நகரின் வேம்படி மகளிர் பாடசாலை தேசிய பாடசாலை, பக்கத்துச் சிறு பாடசாலை மாகாணப் பாடசாலை. ஆகவே நிரலோடு இன்னும் மூன்று எழுத வேண்டும்: நிரலில் இல்லாத விடயம் யாருக்கு, கொள்கை வகுக்கும் நடைமுறை என்ன, வரியில் எந்தப் பங்கு ஆரையும் கேளாமல் மாகாணத்துக்கு வரும். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் கடதாசிதான்.

உரிமைகள் அத்தியாயத்தை எல்லாரும் அழகாக எழுதுவார்கள். பார்க்க வேண்டியது அதன் வால். இலங்கையில் 12 ஆம் உறுப்புரை சமத்துவம் என்கிறது. 16 ஆம் உறுப்புரையோ பழைய சட்டங்கள் முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. தேசவழமையின் (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) கீழ் வரும் மணமான பெண் தன் சீதனக் காணியை விற்க நொத்தாரிசிடம் போனால், 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாமல் காணி உறுதி (விற்பனைப் பத்திரம்) முடிக்க ஏலாது. கணவர் தன் முதுசத்தை (பரம்பரைச் சொத்தை) விற்க மனைவியின் கையெழுத்துத் தேவையில்லை. கணவர் எங்கே என்றே தெரியாத பெண் அனுமதி கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 12 ஐக் காட்டி இதைக் கேட்க 16 விடாது. இந்தியா 1950 இலேயே, முரண்படும் பழைய சட்டம் அந்தளவுக்குச் செல்லாது என்று 13 ஆம் உறுப்புரையில் எழுதிவிட்டது.

மனுவுக்கான காலமும் இடமும் உரிமையின் பகுதிதான். இலங்கை அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள், கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது (1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13). பலர் இது தெரியாமல் காலத்தைக் கோட்டை விடுகிறார்கள். புதிதாக எழுதுவதென்றால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் இந்த அதிகாரத்தைக் கொடுத்து, காலத்தை ஆறு மாதமாக்கலாம். இன்னொன்று: சட்டமூலம் சட்டமான பிறகும் அதைச் சவாலுக்கு உட்படுத்த வழி வேண்டும். 80(3) ஆம் உறுப்புரை அதை அடைத்துவிட்டது. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்த பிறகு கிடைக்கும் சில நாள், அதோடு சரி.

யார் பிரசை என்பதைச் சாதாரண சட்டத்துக்கு விடவே கூடாது. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பில் பாரபட்சத்தைத் தடுக்கும் 29(2) ஆம் பிரிவு இருந்தபோதே 1948 பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்தது. 1953 இல் பிரிவி கவுன்சிலும் (லண்டனில் இருந்த மேன்முறையீட்டு மன்றம்) அதில் பிழையில்லை என்றது.

அவசரகாலத்துக்கு தென்னாபிரிக்காவின் 37 ஆம் பிரிவைப் பார்த்து எழுதலாம்: முதல் 21 நாள், நீடிப்பு ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் இல்லை, இரண்டாவது நீடிப்பிலிருந்து 60 வீத ஆதரவு, எந்த உரிமையை எப்போதும் தொடக் கூடாது என்று அட்டவணை.

கடைசியாகத் திருத்தும் முறை. இலங்கையின் திருத்தங்கள் 17 (2001), 18 (2010), 19 (2015), 20 (2020), 21 (2022): சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு ஒன்று கொடுத்ததை அடுத்தது பிடுங்கியது. பாராளுமன்றத்தின் 225 பேரில் 150 கை உயர்ந்தால் போதும் என்பதால்தான் இது நடந்தது. 83 ஆம் உறுப்புரையின்படி, திருத்த மக்கள் தீர்ப்புத் (பொதுசன வாக்கெடுப்பு) தேவைப்படும் பட்டியலில் 10 (சிந்தனை, மனச்சாட்சிச் சுதந்திரம்), 11 (சித்திரவதைக்கு எதிரான உரிமை) உண்டு. சமத்துவத்தின் 12, கைதுக்கான 13, பேச்சுரிமையின் 14 இல்லை. மக்கள் தீர்ப்புக்குச் செலவு அதிகம் என்பவர்களுக்கு சுவீடனின் வழி உண்டு: ஒரே திருத்தத்தைப் பாராளுமன்றம் இரண்டு தடவை நிறைவேற்ற வேண்டும், நடுவில் ஒரு பொதுத் தேர்தல் நடந்திருக்க வேண்டும்.