கன்றுக் கழிச்சலுக்குத் தயிர் கொடுக்கலாமா?

கேள்வி: பிறந்து பத்து நாள்களுக்குள்ளேயே என் கன்றுகளுக்குக் கழிச்சல் காண்கிறது. தயிரிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் இதற்கு உதவும் என்கிறார்கள். பாலில் கலந்து கொடுக்கலாமா? கறவைப் பசுக்களுக்கும் பயன் உண்டா?

பதில்: நலமாக இருக்கும் கன்றுக்குத் தடுப்புத் துணையாகக் கொடுக்கலாம், கழிச்சல் கண்ட கன்றுக்கு அதையே மருந்தாக நம்பக் கூடாது. கழிச்சலில் கன்று இறப்பதற்குப் பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்புகளும் வெளியேறுவதே காரணம் என்பதால், வாய்வழி உப்புக் கரைசலைத் தாமதமின்றிப் புகட்ட வேண்டும். பாலையும் நிறுத்த வேண்டாம். கண்கள் குழிந்தாலோ, கன்று எழ மறுத்தாலோ, சாணத்தில் இரத்தம் தெரிந்தாலோ கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.

புளிக்கவைத்த பாலிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன; அந்த அமிலச் சூழலில் கழிச்சலை உண்டாக்கும் ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பெருகுவது கடினம். தவிர, பிறந்த குட்டியின் குடலில் நல்ல நுண்ணுயிரிகள் முந்திக்கொண்டால் தீயவற்றுக்கு ஒட்டிக்கொள்ள இடம் குறையும். வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிரிகளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துச் சால்மோனெல்லாவைத் தடுக்க முடியும் என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 1973-இலேயே காட்டினார்கள். ஆனால் தயிரை உறையவைக்கும் பாக்டீரியாக்களில் பல குடலில் நிலைத்துத் தங்குவதில்லை. எந்த வகை, எவ்வளவு உயிருடன் இருக்கிறது என்பதும் ஒவ்வொரு தயிருக்கும் மாறும். ஆகவே வகையும் எண்ணிக்கையும் குறிப்பிடப்பட்ட கால்நடைப் புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல நுண்ணுயிரிகள் அடங்கிய) தயாரிப்பே என் முதல் தேர்வு.

தயிரே கொடுப்பதானால், புதிதாக உறைந்ததைச் சிறிதளவில் தொடங்கி, கன்றின் உடல் வெப்பமான 38–39 பாகை செல்சியஸுக்கு ஆறிய பாலில் தினமும் கலந்து கொடுங்கள். கொதிக்கும் பாலில் அந்த உயிரிகள் மடிந்துவிடும். மடிநோய்க்கு நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து பெற்ற பசுவின் பாலை இதற்கு உறையூற்ற வேண்டாம்: மருந்தின் எச்சம் பால் உறைவதைத் தடுத்துவிடும், கன்றின் வயிற்றுக்கும் போய்ச் சேரும். கன்றே அம்மருந்து உட்கொள்ளும் நாள்களில் இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விடுங்கள்.

உங்கள் கொட்டகையில் கழிச்சல் திரும்பத் திரும்ப வருவதால், நான் முதலில் ஐயப்படுவது சீம்பாலைத்தான். அதிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் ஏறத்தாழ 24 மணி நேரம் வரையே உறிஞ்சும்; அத்திறனும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். எனவே பிறந்த சில மணி நேரத்துக்குள், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். இது தவறியிருந்தால் எந்தத் தயிரும் அதை ஈடுசெய்யாது. ஈரமான படுக்கையும் கழுவாத பால் வாளியும் அடுத்த காரணங்கள்.

கறவைப் பசுவின் பெருவயிறே (நுண்ணுயிரிகள் தீவனத்தைச் செரிக்கும் பெரிய வயிற்றறை) ஒரு நொதித்தல் கலன். அதில் ஊற்றும் சிறிதளவு தயிரால் பால் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அடர்தீவனம் மிகுதியாகத் தின்னும் பசுவுக்கு வயிற்றில் அமிலம் ஏறும் ஆபத்து ஏற்கெனவே இருப்பதால், புளித்தவற்றை அளவின்றிக் கொடுப்பது நல்லதன்று. பெருவயிற்றுக்காக ஏதேனும் சேர்க்க விரும்பினால், கால்நடைத் தீவனத்துக்கென விற்கப்படும் உயிருள்ள ஈஸ்ட்டைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.