நாற்காலி தருகிறோம், வீட்டோ கேட்காதே!

கேள்வி: ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஆப்பிரிக்காவுக்கு இரண்டு நிரந்தர இடங்கள் தரலாம், ஆனால் வீட்டோ (ஒரே நாடு தீர்மானத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம்) கிடையாது என்று 2024இல் அமெரிக்கா சொன்னது. கிடைத்தவரை லாபம் என்று வாங்கிக்கொள்ளாமல் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள்?

பதில்: 1945இல் ஐ.நா.வைத் தொடங்கிய 51 நாடுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா மட்டும்தான். கடைசியாகச் சொன்னதில் நடந்தது வெள்ளையர் ஆட்சி. கண்டத்தின் பெரும்பகுதியை ஆண்ட பிரிட்டனும் பிரான்ஸும் நிரந்தர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டன. இன்று ஆப்பிரிக்காவிலிருந்து 54 உறுப்பு நாடுகள், நிரந்தர இடம் ஒன்றுகூட இல்லை. இதில் முரண்டு யாருடையது?

வீட்டோ என்ன செய்யும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். 1974 அக்டோபரில், நிறவெறி தென்னாப்பிரிக்காவை ஐ.நா.விலிருந்து வெளியேற்றும் தீர்மானத்துக்கு 15 பேரில் 10 பேர் ஆதரவு. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து எதிர்த்துக் கை தூக்கின, தீர்மானம் செத்தது. அதைப் பார்த்தவர்களிடம் போய் ‘வீட்டோ எதற்கு உங்களுக்கு?’ என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

பாதுகாப்பு சபைச் சீர்திருத்தம் பற்றி, ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஆப்பிரிக்க ஒன்றியம் 2005இல் எடுத்த எசுல்வினி நிலைப்பாட்டைப் படித்துப் பாருங்கள். கொள்கை அளவில் வீட்டோவே கூடாது. ஆனால் அது இருக்கும்வரை எல்லா நிரந்தர உறுப்பினருக்கும் வேண்டும் என்கிறது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. அந்த இரண்டு இடங்களில் எந்த நாடுகள் உட்காருவது என்பதில்தான் சிக்கல். நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, எகிப்து மூன்றுக்கும் கண் இருக்கிறது. நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம் என்கிறது ஒன்றியம். பெயரைச் சொல்லும் நாளில் தெரியும் ஒற்றுமை!

கேள்வி: வீட்டோ வைத்திருக்கும் நிரந்தர உறுப்பினர்கள் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) ஐந்து பேரும் சம்மதித்தால்தானே ஐ.நா. சாசனத்தைத் திருத்த முடியும்? பிறகு எப்படி நடக்கும்?

பதில்: முன்பே நடந்திருக்கிறதே! 1963 டிசம்பரில், புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுசேர்ந்து, நிரந்தரமில்லாத இடங்களை 6லிருந்து 10 ஆக்கும் தீர்மானத்தைப் பொதுச்சபையில் கொண்டுவந்தன. சோவியத் யூனியனும் பிரான்ஸும் எதிர்த்து வாக்களித்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஆனால், இரண்டே வருடத்தில் ஐந்து பேரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். 1965 ஆகஸ்டில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தனியாக நின்று ‘நான்தான் தடுத்தேன்’ என்ற பழியை ஏற்க எந்த வல்லரசுக்கும் மனசில்லை என்றே நான் நினைக்கிறேன். அன்று கேட்டது வீட்டோ இல்லாத இடங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இன்று கேட்பது அவர்களுடைய சொத்தில் பங்கு. லேசில் இறங்க மாட்டார்கள்.

கேள்வி: அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானா?

பதில்: இல்லை. 2023 டிசம்பரில் பாதுகாப்பு சபையின் 2719ஆம் தீர்மானத்தைச் சாதித்தது அப்போது அதில் நிரந்தரமில்லாத உறுப்பினர்களாக இருந்த கானா, காபோன், மொசாம்பிக் மூன்றும்தான். ஆப்பிரிக்க ஒன்றியம் நடத்தும் அமைதிப் படைகளுக்கு, சபை ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதித்தால், ஆண்டுச் செலவில் 75 சதவிகிதம் வரை உறுப்பு நாடுகள் கட்டும் ஐ.நா. சந்தாவிலிருந்து தரலாம் என்கிறது அது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பணம் கைக்கு வருவது வேறு கதை.