பழைய கோடாக்ரோம் சுருளை இன்று வண்ணத்தில் கழுவ முடியுமா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டுப் பெட்டகத்தில், படம் பிடித்தும் கழுவாமல் விடப்பட்ட கோடாக்ரோம் (கோடாக் நிறுவனத்தின் பழைய வண்ணப் படச்சுருள்) வகை சூப்பர் 8 சுருள், அதாவது வீட்டுத் திரைப்படக் கேமராவுக்கான சிறு சுருள், கிடைத்திருப்பதாகவும், அதை வண்ணத்தில் கழுவ முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. மற்ற வண்ணச் சுருள்களில் சாயத்தை உண்டாக்கும் வேதிப்பொருள் படலத்திலேயே கலந்திருக்கும். கோடாக்ரோமில் அது இல்லாததால், மூன்று சாயங்களையும் கழுவும்போதுதான் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். அதற்குரிய கே-14 முறையைக் கடைசிவரை செய்துவந்த அமெரிக்க ஆய்வகம் 2010 இறுதியோடு சுருள்கள் வாங்குவதை நிறுத்திவிட்டது.

ஆனாலும் கறுப்பு வெள்ளையில் கழுவினால் உருவங்கள் தெரிய வாய்ப்புண்டு. ஆகவே, தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அதில் இருப்பது இன்று இல்லாத பெரியவர்களின் சாந்திக் கல்யாணமாகக்கூட (அறுபதாம் கல்யாணமாகக்கூட) இருக்கலாம். சுருள் அடைத்திருக்கும் கார்ட்ரிட்ஜ் கூட்டைப் பிரிக்காமல், சுருளின் பின்புறக் கரும்பூச்சை நீக்கத் தெரிந்த ஆய்வகத்திடம் கொடுங்கள்.

புதிதாக எடுக்க விரும்பினால், ஈ-6 என்ற முறையில் கழுவப்படும் எக்டாக்ரோம் 100டி என்ற கோடாக் வண்ணச் சுருள் பொருத்தமானது. 50 அடிச் சுருள், நொடிக்கு 18 பிரேம் வேகத்தில், 3 நிமிடம் 20 நொடி ஓடும். இவ்வகைச் சுருள் ஒளியளவில் பிழையைப் பொறுக்காது என்பதால், வளவு வாசலின் (வீட்டு நடுமுற்றத்தின்) வெயிலையும் அதைச் சுற்றியுள்ள பத்தியின் (தாழ்வாரத்தின்) நிழலையும் ஒரே பிரேமில் அடக்க முயலாமல், முகம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒளியை அளந்து எடுங்கள்.