தோற்ற அணிக்குச் செப்டம்பரில் என்ன வேலை? பேஸ்பால் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தோற்ற அணிக்கு பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்று) வாய்ப்பு ஆகஸ்டிலேயே போய்விட்டது. அப்புறமும் அதன் ஆட்டக்காரர்கள் எதற்காக இப்படி உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள்?

பதில்: முதல் காரணம் பிழைப்பு, தம்பி. அணியின் சீசன்தான் முடிந்தது, ஆட்டக்காரரின் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் சுமார் 3 ஆண்டு ஆடியவர்தான் சம்பளத்துக்காக மத்தியஸ்தரிடம் போகலாம். விரும்பிய அணியைத் தேட 6 ஆண்டு வேண்டும். செப்டம்பரில் அதற்குக் கீழ்மட்டமான மைனர் லீகிலிருந்து வரும் பையனுக்கு அந்த நாலு வாரம்தான் இன்டர்வியூ. ஸ்கோர் 9-1 ஆக இருந்தாலும், தரையோடு ஓர் அடி அடித்துவிட்டு முதல் பேஸுக்குத் தலைதெறிக்க ஓடுவான்.

கேள்வி: பெரிய ஒப்பந்தம் கையில் இருப்பவருக்கு?

பதில்: தொழில் கௌரவம். 2010இல் சியாட்டில் 101 ஆட்டங்களில் தோற்றது. அதே அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் தன் கணக்கில் வெறும் 13 வெற்றிகளோடு, தன் பந்துவீச்சின் தரத்தால் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார்.

கேள்வி: தோற்றால் டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது, நல்ல இடம் கிடைக்குமே சார்?

பதில்: அது நிர்வாகத்தின் கணக்கு. டிராஃப்டில் வருபவன் நாளைக்கு இவருடைய இடத்துக்கே வரலாம், இவர் ஏன் அதற்காகத் தோற்க வேண்டும்? தவிர, 2023இலிருந்து முதல் சில இடங்களுக்குக் குலுக்கல் முறை வந்துவிட்டது. 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 தோல்வி கண்டது. அடுத்த டிராஃப்டில் விதிப்படி அவர்களுக்குக் கிடைத்தது 10ஆவது இடம்.

கேள்வி: அவமானத்துக்குப் பயந்து ஆடிய அணி உண்டா?

பதில்: உண்டு, 2003 டெட்ராய்ட் டைகர்ஸ். எனக்கு மிகவும் பிடித்த தோற்ற அணி. அதுவரை நவீன காலத்தில் ஒரு சீசனின் அதிகத் தோல்வி, 1962 நியூயார்க் மெட்ஸின் 120. டைகர்ஸ் 119இல் நிற்க, இரண்டே ஆட்டங்கள் பாக்கி. செப்டம்பர் 27 அன்று மின்னசோட்டாவிடம் 8-0 எனப் பின்தங்கினார்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாகத் திரட்டி, கடைசி இன்னிங்ஸில் ஒரு வைல்டு பிட்சில் (கேட்ச்சர் பிடிக்க முடியாதபடி தவறிப்போன பந்து) ரன் வர, 9-8 என்று ஜெயித்தார்கள். மறுநாளும் வெற்றி. மின்னசோட்டா ஏற்கெனவே டிவிஷனில் (தன் பிரிவில்) முதலிடத்தை வென்றிருந்தது உண்மைதான், ஆனாலும் 8 ரன்களை யாரும் தானமாகக் கொடுக்க மாட்டார்கள். அந்த அணியில் மைக் மரோத் என்ற பிட்சர் தன் கணக்கில் 20 தோல்வியைத் தாண்டுவார் என்று தெரிந்தே தன் முறை வரும்போதெல்லாம் பந்து வீசினார். 9 வெற்றி, 21 தோல்வி. அந்தத் துணிச்சலை நான் பல விருதுகளுக்கு மேலாக வைப்பேன்.

கேள்வி: அடுத்தவன் வாய்ப்பைக் கெடுப்பதில் சந்தோஷம் உண்டா, அண்ணா?

பதில்: தாராளமாக! 2011 செப்டம்பர் 28, பால்டிமோர். கடைசி இடத்தில் இருந்த ஓரியோல்ஸுக்கு எதிராக பாஸ்டன் 3-2 முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், பேஸில் ஆளில்லை. ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை சேர்க்கும் அடி), நோலன் ரெய்மோல்ட் டபுள், ராபர்ட் ஆண்டினோ சிங்கிள் (முதல் பேஸ் வரை சேர்க்கும் அடி). 4-3. சில நிமிடங்களில், அதே பிளேஆஃப் இடத்துக்குப் போட்டியிட்ட டாம்பா பே அணியும் தன் ஆட்டத்தில் வெல்ல, பாஸ்டன் பிளேஆஃபிலிருந்து வெளியே. கோப்பையே கிடைத்த மாதிரி ஓரியோல்ஸ் ஆட்டக்காரர்கள் மைதானத்தில் குதித்தார்கள்.