லிமரிக், வந்தவாசி – கடிதம்

வணக்கம் ஐயா,

அயர்லாந்தில், டப்ளினில் செவிலியராகப் பணிபுரிகிறேன். அடுத்த மாதம் ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மூன்று நாள் விடுப்பில் லிமரிக் நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமப்புறத்துக்கும் அவர்களை அழைத்துச் செல்லலாம் என்கிறார் கணவர். உடன் பணிபுரியும் தோழிகளோ, அங்கே ஒரு கோட்டையையும் மாடுகளையும் தவிர ஒன்றுமில்லை, நேராகக் கடலோரத்து மோஹர் பாறைகளுக்குப் போய்விடுங்கள் என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ராஜாக்களின் கோட்டையைக் காசு கொடுத்துப் பார்ப்பதைவிட இயற்கையைப் பார்ப்பது மேல் அல்லவா? நீங்கள் லிமரிக் சென்றிருப்பதாக ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். மாமனாருக்கு முழங்கால் வலி உண்டு. சைவ உணவு கிடைக்குமா என்ற கவலையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

வி., டப்ளின்

அன்புள்ள வி.,

உணவைப் பற்றிய கவலையை விடுங்கள். சனிக்கிழமை அங்கே இருந்தால் மில்க் மார்க்கெட் என்ற சந்தைக்குப் போங்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழமும் வாங்கிக்கொண்டால் ஒரு பகல் ஓடிவிடும். மோஹர் பாறைகள் அழகானவைதாம், மறுக்கவில்லை. கடலையும் காற்றையும் பின்னணியாக வைத்து நீங்கள் எடுக்கப்போகும் படத்தை உங்கள் தோழிகள் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்பதைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் "நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாத" என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. சில வாரங்களாக நான் வந்தவாசிப் போரைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கும் வேளையில் உங்கள் கடிதம் வந்தது. இரவுப் பணிகளுக்கு நடுவே மாமனாரின் முழங்காலை நினைத்துக் கவலைப்படும் மருமகள் மீது எனக்குப் பிரியம் உண்டு. எனினும், ஒரு நாட்டில் வாழ்ந்து, வரி கட்டி, அந்நாட்டு முதியவர்களைத் தூக்கி நிறுத்திப் பராமரிக்கும் ஒருவர், அந்நாட்டின் வரலாறு தனக்கு வேண்டாத சுமை என்று நினைப்பது சோம்பேறித்தனம் அல்லாமல் வேறென்ன?

கோட்டையைப் பார்த்துவிட்டுத் தோமண்ட் பாலத்தைக் கடந்து ஷானன் ஆற்றின் மேற்குக் கரைக்குச் செல்லுங்கள். அங்கே ஒரு பீடத்தின் மேல் ஒழுங்கற்ற சுண்ணாம்புக்கல் ஒன்று இருக்கிறது. அதில் செதுக்கு வேலையோ மெருகோ எதுவுமில்லை. ஒருகாலத்தில் குதிரை ஏறுவோர் கால் வைத்து ஏறிய கல் அது என்கிறார்கள். 1865இல்தான் பீடத்தில் ஏற்றினார்கள். 1691 அக்டோபர் 3 அன்று லிமரிக் ஒப்பந்தம் இந்தக் கல்லின் மேல் வைத்துக் கையெழுத்தானது என்பது ஊர் நம்பிக்கை.

இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் மன்னர் மூன்றாம் வில்லியமுக்கும், பிரான்சின் உதவியோடு அவரை எதிர்த்த ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கும் நடந்த போரை முடித்த ஒப்பந்தம் அது. அதற்கு முந்தைய ஆண்டு வில்லியமே நேரில் வந்து முற்றுகையிட்டும் நகரம் விழவில்லை. ஐரிஷ் தளபதி பாட்ரிக் சார்ஸ்ஃபீல்ட் இரவோடு இரவாகக் குதிரைப்படையுடன் சுற்றிச் சென்று, பாலிநீட்டியில் வில்லியமின் பீரங்கித் தளவாடங்களைத் தகர்த்தார். மதிலில் பிளவு விழுந்தபோது நகரத்துப் பெண்கள் கல்லும் புட்டியும் எறிந்து போரிட்டார்கள். 1691இல் வந்த இரண்டாம் முற்றுகையின்போது, பின்வாங்கி ஓடிவந்த ஐரிஷ் வீரர்கள் உள்ளே நுழையுமுன், தூக்குப் பாலத்தைக் காத்த பிரெஞ்சு அதிகாரி அதை உயர்த்திவிட்டார். நூற்றுக்கணக்கானோர் பழைய தோமண்ட் பாலத்தின் மேலேயே மாண்டார்கள். இன்று நிற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய பாலம், ஆனால் இடம் அதுதான். பதினோரு நாள்களுக்குப் பின் ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்தின் மை உலர்ந்து சில வாரங்கள்கூட ஆகாத நிலையில் பிரெஞ்சு உதவிக் கப்பல்கள் ஷானன் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தன.

ஒப்பந்தத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்றின்படி, விரும்பிய வீரர்கள் பிரான்சுக்குச் செல்லலாம். பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சார்ஸ்ஃபீல்டுடன் கப்பலேறினார்கள். மற்றொன்றின்படி, கத்தோலிக்கர்களுக்கு முந்தைய மன்னர் இரண்டாம் சார்லஸ் காலத்தில் இருந்த உரிமைகள் தொடரும். டப்ளின் நாடாளுமன்றம் இதை ஆறு ஆண்டுகள் இழுத்தடித்து, 1697இல் கையும் காலும் வெட்டியே ஏற்றது. அதற்குள்ளாகவே, 1695இல், கத்தோலிக்கர் ஐந்து பவுனுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. எவ்வளவு நல்ல குதிரையானாலும், புராட்டஸ்டண்ட் ஒருவர் ஐந்து பவுனும் ஐந்து ஷில்லிங்கும் நீட்டினால் அது அவருடையது. நிலம், வாரிசுரிமை, படையில் அதிகாரி பதவி என்று ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அந்த ஒப்பந்தத்துக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய கால்வே நிலக்கிழார் குடும்பத்து ஜெரார்ட் லாலிக்கு 1702இல் பிரான்சில் ஒரு மகன் பிறந்தார். பிரெஞ்சுக்காரர் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த கவுண்ட் லாலி அவர்தான். 1758இல் புதுச்சேரிக்கு வந்து, சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இடம்பெறுபவர். ஐரிஷ் குடியேறிகளைக் கொண்டு உருவான படைப்பிரிவு ஒன்று அவர் பெயராலேயே இங்கு வந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அவரை எதிர்த்து நின்ற ஆங்கிலப் படைத் தளபதி சர் அயர்கூட் எங்கே பிறந்தவர் தெரியுமா? நீங்கள் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அதே லிமரிக் மாவட்டத்தில், கில்மாலக் ஊரை அடுத்த ஆஷ் ஹில்லில்!

நான் வளர்ந்த ஊரிலிருந்து வந்தவாசிக்குப் பேருந்தில் அரை மணி நேரம். பாய் வாங்கப் போகும் பெரியப்பாவுடன் சென்று, இடிந்த கோட்டை அகழியில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வந்தவாசிப் போர் எந்த ஆண்டு என்பது எங்களுக்கு ஒரு மதிப்பெண் கேள்வி; ஆங்கிலேயர் வென்றனர், பிரெஞ்சுக்காரர் தோற்றனர் என்பதோடு பாடம் முடிந்துவிடும். புராட்டஸ்டண்ட் வீட்டுப் பிள்ளையான அயர்கூட்டுக்கு ஆங்கிலப் படையில் தளபதியாகும் வழி திறந்திருந்தது. கத்தோலிக்க வீட்டுப் பிள்ளையான லாலிக்குப் பிரெஞ்சுக் கொடியே கதி. ஒரே தீவின் பங்காளிச் சண்டைதான் எழுபது ஆண்டுகள் கழித்து, கடல் கடந்து, நம் கரம்பு நிலத்தில் நடந்தது என்று எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கும் யார் சொன்னார்கள்?

இரு தளபதிகளையும் தியாகிகளாக்க நான் முயல்வதாக நினைத்துவிடாதீர்கள். தஞ்சைச் சீமையில் லாலி செய்த அட்டூழியங்கள் சிறியவை அல்ல. அயர்கூட் நம்மை வாழவைக்க வந்தவரும் அல்லர். 1761 ஜனவரியில் புதுச்சேரி அவரிடம் சரணடைந்தது. லாலியைப் பிரான்சு தேசத்துரோகி என்று குற்றம் சாட்டி, வாயை அடைத்து, 1766இல் பாரிசில் தலையை வெட்டியது. அகதியின் மகனுக்குப் புகலிடம் தந்த நாடு, தோற்றதும் அவனை அந்நியனாகவே பார்த்தது என்பது என் கட்சி. இதில் உங்களுக்குக்கூட யோசிக்க ஏதேனும் இருக்கலாம்.

எனவே முதல் நாள் நகரம். இரண்டாம் நாள் கார் எடுத்துக்கொண்டு தெற்கே கில்மாலக். மதில் சூழ்ந்திருந்த ஊர். தெருவின் மேலேயே நிற்கும் பழைய வாயிலும், ஆற்றோரம் கூரையிழந்த டொமினிக்கன் மடமும் உண்டு. அடேர் கிராமத்துக் கூரை வேய்ந்த குடில்களைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிரபு தன் ரசனைக்குக் கட்டுவித்தவை அவை. தேநீர் குடிக்க நிறுத்துங்கள், போதும். மூன்றாம் நாளை மாமியாரின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். மோஹர் என்றாலும் சரி.

மாமனாரைக் கோட்டைப் படிகளில் ஏற்றாதீர்கள். நீங்கள் ஏறும் நேரத்தில் அவர் பக்கத்திலுள்ள புனித மேரி பேராலயத்தில் இருக்கட்டும். 1168இல் டோனல் மோர் ஓ'பிரையன் என்ற அரசன் நிறுவியது. உள்ளே பதினைந்தாம் நூற்றாண்டின் ஓக் மர இருக்கைகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் நின்று வழிபட்ட குருமார்கள், நிற்பதுபோல் காட்டிக்கொண்டே பின்பக்கத்தைத் தாங்கிக்கொள்வதற்காக, மடிப்புப் பலகைக்கு அடியில் ஒரு சிறு விளிம்பு வைத்து, அதன் கீழே சிங்கமும் பன்றியும் செதுக்கியிருக்கிறார்கள். கால்வலிக்காரர்களின் கண்டுபிடிப்பு, அவருக்கு உடனே விளங்கும்.